இரண்டு கோடு கீறிய ஸ்லீவ்

தம்பி,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சிதம்பரம் மண்டபத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் பெயர் சின்னதாக இருக்கிறது. அது பற்றி எனக்குக் குறை இல்லை. அன்றைக்கே போனில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். "அருளுக்கு மட்டும் பத்திரிகை வைக்க வேணாம்ப்பா, அவனுக்கும் நமக்கும் விட்டுப்போச்சு" என்றாய். ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டாலும் வைத்துவிடுவாய் என்று தெரியும். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் கிழித்துப் போட்டாலும் மீதியில் என்ன இருந்தது என்று மனசு அரிக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் எழுதும் கடிதத்தில் ஆசீர்வாதம் இருக்க வேண்டும். இதில் இருக்காது. உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் படிக்கட்டும். அவளிடமிருந்து மறைத்து வைப்பாயானால், இதில் இருப்பது உண்மை என்று நீயே ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்வேன்.

2004-இல் உன் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது உனக்கு அந்த லாரியைக் கொண்டுவந்தார். முழங்கை நீளம், மண்ணில் ஓடும் பெரிய டயர், கையில் ரிமோட். பேட்டரியில் ஓடுகிற பொம்மை இல்லை, நிஜ இஞ்சின் வைத்தது. நைட்ரோ கலந்த எண்ணெய் ஊற்றி, பக்கத்தில் இருக்கிற கயிற்றை இழுத்துவிட்டால் கிடுகிடுவென்று கத்திக்கொண்டு ஓடும், விளக்கெண்ணெய் கருகின மாதிரி புகை விடும். உனக்குப் பதினேழு வயது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் முதல் நாளே முழு வேகத்தில் விட்டாய். புது இஞ்சினை மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பழக்க வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். கூட்டம் கூடி நின்று பார்த்தது, நீ விரட்டினாய். ஒரு மாதத்தில் அது சூடானால் நின்றுபோகும் நோயாளி ஆனது.

நான் முப்பது வருஷம் டீசல் பம்ப் வேலை பார்த்தவன். பிளஞ்சர் என்று ஒரு இரும்புக் குச்சி, அது ஏறி இறங்கும் குழாய் ஒன்று. இரண்டையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துத்தான் செய்திருப்பார்கள். ஒரு ஜோடியின் குச்சியை இன்னொரு ஜோடியின் குழாயில் போட்டால் பம்ப் செத்தது. உன் லாரியின் குட்டி இஞ்சினிலும் அதே கதைதான். பிஸ்டனும், அது ஓடுகிற ஸ்லீவ் என்கிற குழாயும் ஜோடி. குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேல் முனையில் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தேய்ந்துபோனால் வழுக்கிக்கொண்டு போகும். காலையில் நன்றாகக் கிளம்பும், சூடு ஏறினதும் மூச்சு நின்றுவிடும். கல்யாணத்துக்கு எழுதுகிற கடிதத்தில் ஜோடிப் பொருத்தம் பற்றிப் பேசுகிறேனே என்று வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. நான் பேசுவது பிஸ்டனைப் பற்றி மட்டும்தான்.

அருள் நம் கடைக்கு வந்தது உன்னால்தான். உன் வகுப்பு, உன் வயது, பின்னால் காலனியில் வீடு, அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நீ அப்பா என்று கூப்பிட்டதால் அவனும் என்னை அப்பா என்றே கூப்பிட்டான். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் புதுச்சேரியில் போட்டுவிட்டுப் போன இன்னொரு லாரியை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். உன்னுடையதில் இருந்த அதே இஞ்சின், ஆனால் செத்தது. அதை ஆறு மாதம் பிரித்துப் பிரித்து மாட்டினான். ஒவ்வொரு ஸ்குருவையும் தீப்பெட்டியில் வரிசையாக வைப்பான். நீ பழைய பாகத்தைக் கழற்றினால் அது கடையின் எந்த மூலையில் உருள்கிறது என்று உனக்கே தெரியாது. ஸ்குரு தலையின் குழி நசுங்கும்வரை இறுக்குவாய். உன் கை பட்ட ஸ்குருவை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவேன்.

அப்போது நான் உனக்குச் செய்ததைச் சொல்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் என் வாயால் வர வேண்டும். ஒரு நாள் கடையில் வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருக்கும்போது அருளின் கையை இழுத்துக் காட்டினேன். "இதாண்டா மெக்கானிக் கை" என்றேன். நீ உன் கையையும் நீட்டினாய், சிரித்துக்கொண்டே. அதைத் தட்டிவிட்டேன். "உன் கை சோத்துக்குத்தான் ஆவும்" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றைக்கு உன் முகம் எப்படிச் சுருங்கியது என்று பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். கண்டிப்பாக வளர்க்கிறேன் என்று எனக்கு நினைப்பு. உண்மையில் என் கைக்கு வாரிசு எனக்குப் பிறக்கவில்லையே என்ற எரிச்சல்தான். அதை உன் தலையில் கொட்டினேன்.

இரண்டு பேரும் சிதம்பரத்தில் ஒரே காலேஜில் மெக்கானிக்கல் சேர்ந்தீர்கள். நாலு வருஷமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தீர்கள். கடைசி வருஷம், 2009-இல், காலேஜ் விழாவில் லாரிப் போட்டி வைத்தார்கள். இருபது நிமிஷம் மண் பாதையில் ஓட வேண்டும், யார் அதிகச் சுற்று என்பது கணக்கு. இஞ்சினை அவரவர்தான் பிரித்து மாட்டியிருக்க வேண்டும். சென்னையில் இஞ்சின் சோதனை செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வருவார், ஜெயிப்பவனுக்கு அங்கே நேராக வேலை, இடம் ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் புது ஸ்லீவும் பிஸ்டனும் வரவழைத்தீர்கள். நீ மறுபடியும் முதல் நாளே விரட்டினாய். அருள் தினம் காலையில் ஒரு டேங்க் எண்ணெய், மைதானத்தில் ஆமை வேகத்தில், ஐந்து நாள் ஓட்டினான். நான் டீக்கடையில் உட்கார்ந்து ஐந்து நாளும் பார்த்தேன். அவன் ஸ்லீவின் மேல் விளிம்பில் ஊசியால் இரண்டு கோடு கீறி வைத்திருந்தான். ஜோடி மாறிப்போகாமல் இருக்க அடையாளம் போடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் இரண்டு லாரியையும் கடையில் விட்டுவிட்டுப் பாதை போடச் சிதம்பரம் போனீர்கள். காற்றடித்துத் தூசி துடைத்து வைக்கச் சொன்னீர்கள். அப்போது உன் சித்தப்பா வந்தான். இரண்டு வண்டியையும் பார்த்துவிட்டு, "நாளைக்கு யாரு ஜெயிப்பா?" என்றான். அருள் என்றேன். "காலனிப் பையன் முன்னாடி போறான், நம்ம புள்ள பின்னாடி போவுது, நீ தொடச்சி வேற குடுக்குற" என்று சொல்லிவிட்டுப் போனான். கடையின் கதவைப் பாதி சாத்தினேன்.

முக்கால் மணி நேர வேலை. இரண்டு இஞ்சினின் தலையையும் பின்மூடியையும் கழற்றினேன். அவனுடைய ஜோடியை எடுத்து உன் இஞ்சினில் போட்டேன், உன்னுடைய தேய்ந்த ஜோடியை அவனுடையதில் போட்டேன். இஞ்சினையே மாற்றியிருந்தால் வெளியே பார்த்ததும் கண்டுபிடித்திருப்பான், உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அத்தோடு நின்றிருந்தால்கூட என்னை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். தோற்றால் பிரித்துப் பார்ப்பான் என்று தோன்றியது. ஊசியை எடுத்து, உன் தேய்ந்த ஸ்லீவின் விளிம்பில் அவன் கீறுகிற மாதிரியே இரண்டு கோடு கீறினேன். பெற்ற பாசம் என்று நினைத்துவிடாதே. அது ஒரு பங்குதான். நம் தெருப் பையன் எவனாவது உன்னை ஜெயிப்பதாக இருந்தால் நான் விட்டிருப்பேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் மீதியெல்லாம் பொய்.

மறுநாள் நான்தான் வேனில் இரண்டையும் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தேன். வேண்டுமென்றே வெயிலில் வைத்தேன். அருள் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னாப்பா, இன்னிக்கு ரொம்ப லேசா வருது" என்றான். "வெயில்ல இருந்துச்சுடா, சூட்டுக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். தலையாட்டினான். நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

பத்து நிமிஷம் வரை அவன்தான் முன்னால். உன்னைவிட இரண்டு சுற்று அதிகம். அவன் ரிமோட்டைப் பிடித்த பிடியே வேறு. பதினோராவது நிமிஷம் அவன் லாரி வளைவில் நின்றது. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தான். கொஞ்சம் ஓடியது, நின்றது. மறுபடி இழுத்தான். கயிறு அறுத்து விரலில் ரத்தம் வந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டு இழுத்தான். உன் லாரி அவனைத் தாண்டித் தாண்டிப் போனது, ஒவ்வொரு முறையும் அவன் மேல் மண்ணை வாரி அடித்தது. பையன்கள் ஊளையிட்டார்கள். நான் பந்தல் நிழலில் நின்றேன்.

முடிந்ததும் அதிகாரி உன் கையைக் குலுக்கினார். அருள் வண்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். எல்லோர் எதிரிலும் மேஜைமேல் வைத்துப் பிரித்தேன். பிஸ்டனை ஸ்லீவில் விட்டுக் காட்டினேன், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. "பழக்காம வெரட்டியிருக்க" என்றேன். "அஞ்சு டேங்க்கும் மெதுவாத்தாம்ப்பா ஓட்டுனேன்" என்றான். "ஓட்டியிருந்தா இப்பிடி ஆவுமா? நீயே பாரு" என்று கையில் கொடுத்தேன். அவன் விளிம்பைப் பார்த்தான். இரண்டு கோடு. தடவிப் பார்த்தான். "என் கை சரியில்லப்பா" என்றான் கடைசியில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இனிமேலாவது பழகிக்க" என்றேன். நீ பக்கத்தில் கோப்பையோடு நின்றாய்.

நீ சென்னைக்குப் போனாய். அவன் அந்த லாரியை அங்கேயே ஒரு ஜூனியர் பையனிடம் கொடுத்துவிட்டான். ஒரு வருஷம் எந்த இஞ்சினையும் தொடவில்லை, பண்ருட்டியில் முந்திரி மண்டியில் கணக்கெழுதினான். படித்த பையன் இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று அவன் அம்மா என்னிடம் வந்து புலம்பினாள். "அவனுக்குக் கை ராசி இல்லம்மா, விடு" என்று அவளுக்கும் சொல்லி அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உட்கார்ந்தால், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பொய் பரிமாற வேண்டியிருக்கிறது. இப்போது பண்ருட்டியிலேயே ஒரு லாரி பட்டறையில் இருக்கிறான். ஒரு நட்டை இறுக்கிவிட்டு இரண்டு முறை திரும்ப வந்து பார்க்கிறானாம். அவன் முதலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இது எல்லாம் நான் மட்டும் சுமக்கிற பாவம் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். உனக்குத் தெரியாது, நீ ஜெயித்ததாகவே நம்பிக்கொண்டிருக்கிறாய், அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று வாயை மூடியிருந்தேன்.

புதன்கிழமை அருள் வந்தான். பத்திரிகை வைக்காதவன் வீட்டுக்குத் தானாக வந்தான். "கல்யாணமாமே, கேள்விப்பட்டேன். அவனோட பழைய லாரி இருந்தா குடுங்கப்பா. இஞ்சினப் பிரிச்சிக் கழுவிப் புதுசு மாதிரி பண்ணி மண்டபத்துல குடுக்குறேன். நம்மகிட்ட வேற என்னா இருக்கு குடுக்குறதுக்கு" என்றான். நாளைக்கு வா என்று அனுப்பினேன். அவன் போனதும் அம்மாவிடம் உன் டிரங்குப் பெட்டியின் சாவியை வாங்கினேன். அவன் ஸ்லீவ் அல்லவா உன் இஞ்சினுக்குள் இருக்கிறது? அவன் பிரிப்பதற்குள் வேறு ஜோடி மாட்டிவிட வேண்டும். உன் பெட்டியிலேயே பிரிக்காத புது செட் ஒன்று இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

இஞ்சினைக் கையில் எடுத்ததும் ஸ்குருவைத் தடவினேன். நாலு தலையும் நசுங்கியிருந்தன. அன்றைக்கு நான் புது ஸ்குரு போட்டு, குழி நசுங்காமல்தான் மாட்டியிருந்தேன். உள்ளே ஸ்லீவை எடுத்தேன். விளிம்பில் இரண்டு கோடு இருக்க வேண்டிய இடத்தில் உப்புத்தாள் போட்டு உரசின தேய்ப்பு இருந்தது. கோணல் மாணலாக, அவசரமாக. அந்தப் பெட்டியின் சாவி உன்னிடமும் அம்மாவிடமும் தவிர வேறு யாரிடமும் இல்லை. அம்மா உப்புத்தாள் பிடித்தது கிடையாது.

அப்படியானால் நீ திறந்து பார்த்திருக்கிறாய். எப்போது என்று தெரியாது. வேலையில் சேர்வதற்கு முன்னாலா, சேர்ந்த பின்னாலா? முன்னால் என்றால் நீ வாயைத் திறந்திருந்தால் அந்த இடம் அவனுக்குப் போயிருக்கும். பின்னால் என்றால் அவன் கையாவது அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். நீ கோட்டைப் பார்த்தாய், யார் செய்தது என்று உனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும், என்னிடம் வந்து ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்புத்தாளை எடுத்தாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து என் காலில் விழுந்து எழுந்தாய். பத்திரிகை வைக்காதே என்று நீ சொன்னது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அவன் முகத்தை மண்டபத்தில் பார்க்க உனக்குத் தெம்பு இல்லை.

நான் செய்தது துரோகம். நீ செய்ததை என்னவென்று சொல்வது? நான் முக்கால் மணி நேரம் செய்தேன். நீ ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தாய். உன் கை சோற்றுக்குத்தான் ஆகும் என்று சொன்னவன் நான். அதற்கு நீ இப்படியா பதில் சொல்ல வேண்டும்? ஒருவேளை இப்படித்தான் சொல்ல முடிந்தது உன்னால். உன்னை வெறுக்க வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. நான் தட்டிவிட்ட கைதானே அந்த உப்புத்தாளைப் பிடித்தது.

புது செட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். மாட்டியிருந்தால் முடிந்தது. அருள் பிரிப்பான், புதுசாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவான், மண்டபத்தில் கொடுப்பான், நீ வாங்கிக்கொள்வாய், போட்டோ எடுப்பார்கள். அவன் செத்துப்போகும்வரை தன் கை சரியில்லை என்று நட்டைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொண்டிருப்பான். மாட்டவில்லை. அவன் ஸ்லீவை அப்படியே உள்ளே வைத்து மூடினேன். உன் நசுங்கின ஸ்குருவையே திரும்பப் போட்டேன். இன்று காலை, வியாழக்கிழமை, அருள் வந்து அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அவன் பார்த்தால் கண்டுபிடிப்பானா என்று நீ யோசிப்பாய். கோட்டைத்தான் உன்னால் அழிக்க முடிந்தது. ஸ்லீவின் பக்கத்தில் புகை போகும் துளையின் ஓரத்தை அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறான். அப்படிச் செய்கிறவன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இல்லை. போட்டியன்று என் பேச்சை நம்பிக் கோட்டோடு நிறுத்திக்கொண்டான், துளையைப் பார்க்கவில்லை. அதோடு, தான் கோடு போடுகிற அதே இடத்தை எவனோ உரசியிருக்கிறான் என்றால் அவனுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. காலையில் எடுக்க வந்தபோதே அவனிடம் நான் சொல்லியிருக்கலாம். அவன் "வரேம்ப்பா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

நேற்று பெட்டிச் சாவி வாங்கும்போது உன் அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். இப்போது முழுதும் படித்துவிட்டாள். "அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கூரியரில் போடுகிறேன், நாளைக்கோ சனிக்கிழமையோ உன் கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து பட்டறைக்கு வந்து பிரிப்பதாக அருள் சொல்லியிருக்கிறான். நான் அன்றைக்குப் பண்ருட்டி பஸ் ஏறுவேன், அவன் பிரிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பேன். மாற்றியது நான் என்று சொல்வேன். உரசியது யார் என்று கேட்பான், அதையும் சொல்வேன். அதற்கு முன்னால் நீ அவனிடம் பேசியிருந்தால், உரசியவனே வந்து சொன்னான் என்று ஒன்றாவது உனக்கு மிஞ்சும். அதற்கப்புறம் அவன் மண்டபத்துக்கு வருவதும் வராததும் அவன் பாடு. நான் வருவதுகூட அவன் சொல்வதைப் பொறுத்தது.

அவன் நம்பர் மாறவில்லை. தலை நசுங்கின ஸ்குரு நாலு இருக்கிறது. அவன் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத்தான் கழற்றுவான்.

அப்பா